தனியாக ஒரு நாள் பெட்ரா: வாசகர் கேள்வி பதில்

ரியாத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும் வழியில் ஜோர்டானில் இறங்கி, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்குள் ஒரு நாள் தனியாக நடந்து பார்க்க ஆசை. குற்றாலம் பக்கம் மலையேறிய பழக்கம் மட்டும் உண்டு. ஒரு நாள் போதுமா?
— வாசகர், கடையநல்லூர்

முந்தின இரவே பெட்ரா வாசலை ஒட்டிய வாதி மூசாவில் தங்கிவிட்டால் போதும். அம்மானிலிருந்து அந்த ஊருக்குச் சாலை வழியாக மூன்று மணி நேரம். அன்று காலையில் கிளம்பி வந்தால் நடக்கத் தொடங்கும்போதே வெயில் ஏறியிருக்கும். கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. ஜோர்டானில் இரவு தங்குகிறவருக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார், தங்காமல் வந்து போகிறவருக்கு 90.

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். முதலில் முக்கால் கிலோமீட்டர் போல திறந்த வெளி. பிறகு 'சிக்' எனும் பாறை இடுக்கு, 1.2 கி.மீ. அது முடிகிற இடத்தில் கஸ்னா, பாறையிலேயே குடைந்த 40 மீட்டர் உயர முகப்பு. பலரும் அங்கேயே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். நீங்கள் அதைத் திரும்பும்போது ஆற அமரப் பார்க்கலாம். குடைந்தெடுத்த அரங்கையும் தூண் வரிசைத் தெருவையும் தாண்டி கஸ்ர் அல் பின்த் எனும் பழைய கோயில் வரை நடந்துவிடுங்கள். வாசலிலிருந்து அதுவரை 4 கி.மீ. அங்கிருந்து, கஸ்னாவைப் போலவே பாறையில் குடைந்த அத்-தைர் இருக்கும் மேட்டுக்கு 800-க்கும் மேற்பட்ட படிகள். ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். போக வர எல்லாம் சேர்த்துப் பத்து கிலோமீட்டருக்கு மேல். தைரைப் படம் பிடிக்கப் பிற்பகல் வெளிச்சம் நல்லதுதான்; தனியாக நடக்கிறவருக்குக் காலைக் குளிர்ச்சி அதைவிட முக்கியம். 11 மணிக்கெல்லாம் அந்த மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

மலையேறிப் பழகியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. நம் மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். பெட்ராவில் வாசலிலிருந்து உள்ளே போவது இறக்கம். படியெல்லாம் ஏறி இறங்கிய பிறகு, உச்சி வெயிலில் வாசலுக்குத் திரும்புகிற கடைசி 4 கி.மீ. ஏற்றம். அதனால் பாதித் தூரத்தில் பாதித் தண்ணீர் என்ற கணக்கு இங்கே உதவாது. 3 லிட்டர் எடுத்துப் போனால், கஸ்ர் அல் பின்துக்குத் திரும்பி வரும்போது ஒரு லிட்டராவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் தேநீரும் தண்ணீரும் விற்பார்கள், ஆனால் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றலும் குமட்டலும் வரும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் கிடக்கட்டும். கொறிக்கப் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய்.

படிகள் கால் பட்டுத் தேய்ந்தவை, மேலே மணல் படிந்திருக்கும். ஏறும்போது வழுக்குவதைவிட இறங்கும்போது வழுக்குவது அதிகம். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் வரிவரியாக இருக்கும் ஷூ போடுங்கள். "மேலேயிருந்து கஸ்னாவைக் காட்டுகிறேன்" என்று குறுக்கு வழிக்குக் கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். பாறை விளிம்பில் தடுப்பு இருக்காது. தனியாள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஹாரூன் மலைக்கும் வாதி முத்லிம் இடுக்குக்கும் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

பாலைவனத்தில் வெள்ளம் வரும் என்கிறார்களே, நம்பலாமா?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

நம்புங்கள். சிக் சில இடங்களில் 3 மீட்டர்தான் அகலம். சுற்றிலும் மொட்டைப் பாறை, மழையை உறிஞ்ச மண் கிடையாது. எங்கோ தொலைவில் பெய்தது முழுவதும் இந்த இடுக்கைத் தேடி வரும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெட்ராவைக் கட்டிய நபதேயர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இடுக்கின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். குடிநீருக்குச் சுவரோரம் கால்வாயும் சுடுமண் குழாயும் தனியாகப் போட்டார்கள். அந்த அணை சிதைந்து கிடந்த காலத்தில், 1963-இல், சிக்குக்குள் பாய்ந்த வெள்ளம் பிரெஞ்சுப் பயணிகள் இருபது பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோனது. 2018 நவம்பரிலும் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டி வந்தது.

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதையும், உங்கள் ஊர் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சிக்கி நின்றதையும் பார்த்தவர்களுக்கு, வறண்ட பூமியில் தண்ணீர் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நடக்க நல்ல காலம். அக்டோபரிலிருந்து அன்றன்றைய வானிலை அறிவிப்பைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இடுக்கில் இரைச்சல் கேட்டாலோ, காய்ந்த தரையில் செந்நிற நீர் ஓடிவந்தாலோ, வெள்ளத்தை முந்தி ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அருகில் எது உயரமோ அதில் ஏறி நில்லுங்கள். முழங்கால் அளவு நீர் என்றாலும் குறுக்கே கடக்க வேண்டாம்.

போகும் முன் நம் பக்கத்திலேயே நடந்து பழக எங்கே போகலாம்?
— வாசகி, பாளையங்கோட்டை

இரண்டு விதமாகப் பழக வேண்டும். படிக்கு, பண்பொழி திருமலைக் கோயில். பெட்ராவுக்கு எடுத்துப் போகும் பையோடும் ஷூவோடும், அதே எடைத் தண்ணீரோடு, ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். முழங்கால் வலிக்குமா, ஷூ கடிக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மணலுக்கு, தேரி எனும் செம்மணல் காடு. திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரை போனால் செம்மணல் மேடு கண்ணெதிரே இருக்கும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு; உள்ளே நடக்க வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். ஆடிக் காற்றில் போகவே வேண்டாம்: மணல் கண்ணில் அடிக்கும், வந்த கால்தடமும் அழிந்துபோகும். உள்ளே பனையும் உடைமரமும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நிற்கும். அதனால் கிளம்பும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்துவிட்டு, சூரியன் எந்தத் தோள் பக்கம் இருக்கிறது என்று கால் மணிக்கு ஒருமுறை கவனியுங்கள். ரோட்டில் நடக்கிற வேகத்தில் பாதிதான் மணலில் வரும். 6 மணிக்குத் தொடங்கி 9.30-க்குள் வெளியே வந்துவிடுங்கள், பிறகு மணல் கொதிக்கும். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும்.

நடக்கும்போது பழைய பானை ஓடு கிடந்தால் ஞாபகத்துக்கு ஒன்று எடுத்து வரலாமா?
— கல்லூரி மாணவர், நாசரேத்

கூடாது. தேரியில் ஓடு மட்டுமல்ல, விரல்நகம் அளவுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) செதில்களும் கிடக்கும். உலோகம் அறியாத காலத்து மக்கள் செதுக்கிய நுண்கற்கருவிகள் அவை. எந்த மேட்டில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர் அதன் வயதைச் சொல்ல முடியும். வீட்டு ஷோகேசுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். ஆதிச்சநல்லூரின் பழங்கால ஈமக்காட்டுப் பறம்பில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. அந்தப் பறம்பைப் பார்க்கிறவர்கள் இன்னொரு துண்டைக் குறைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைப் போனில் குறியுங்கள், பொருளைத் தொடாமல் விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். பெட்ராவிலும் இதே கண்டிப்புதான். அங்கே சிறுவர்கள் விற்கும் "பழைய" காசுகளையும் வாங்காதீர்கள்.

மகள் தனியாகப் போகிறாள். என்ன சொல்லி அனுப்புவது?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

எந்த வழியில் போகிறாள், எத்தனை மணிக்கு வாசலுக்குத் திரும்புவாள் என்று இரண்டு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று தங்கும் விடுதியில், ஒன்று உங்களிடம். இடுக்குக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். நடுவில் அழைப்பு வராவிட்டால் பதற வேண்டாம். ஜோர்டான் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே பிற்பகல் 3 மணிக்குத் திரும்புவதாகச் சொன்னால் நமக்கு மாலை 5.30. ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 6.30-க்கும் தகவல் இல்லையென்றால் விடுதியைக் கூப்பிட்டு, வாசலில் இருக்கும் சுற்றுலாப் போலீசிடம் அந்தத் தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே அவசர எண் 911, மகள் போனில் முதலாவதாக இருக்கட்டும்.