கண்ணாடி அலமாரியும் சமையலறை விளக்கும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். என் கணவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) தரைவீடு வாங்கிக் குடிவந்தோம். சொந்த வீடாயிற்றே என்று சோபா, கண்ணாடி அலமாரி, திரைச்சீலை, நெகிழிப் பூக்கள் எனத் தீபாவளிதோறும் வாங்கி நிரப்பினேன். வாங்கிய வாரத்தில் இருக்கும் மகிழ்ச்சி அடுத்த மாதம் இருப்பதில்லை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வீடு முழுக்க வெள்ளையும் சாம்பலும் பூசலாம் என்கிறாள். மாமியார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியையும் அம்மியையும்கூடத் தூக்கிப் போடச் சொல்கிறாள். கணவரோ அலங்காரமே வீண் ஆடம்பரம் என்கிறார். வீட்டின் அழகு அன்றாடம் மனத்துக்கு மகிழ்ச்சி தர வழி உண்டா, அல்லது இப்படி ஆசைப்படுவதே தவறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவருக்கு உரிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யோசித்த தலைமுறைகள் நம்முடையவை. எப்போது சுண்ணாம்பு அடிப்பது, எந்த நிறத்தில் அடிப்பது என்பதையெல்லாம் தோட்டத்து அலுவலகமே தீர்மானித்தது. அத்தகைய இடத்திலும் பால்மாவுத் தகரத்தில் செடி வளர்த்து, நாள்காட்டியில் வந்த சாமி படத்துக்குச் சட்டமிட்டு, வாசலில் கோலம் போட்ட பெண்களை ஆடம்பரக்காரிகள் என்று யாரும் சொன்னதில்லை. சொந்தச் சுவர் கிடைத்தபின் அதை அழகாக்க நினைப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். ஆகவே ஆசையில் தவறில்லை. அது செலவாகும் இடத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நீங்கள் பட்டியலிட்டவற்றை மீண்டும் படித்துப் பாருங்கள். சோபா, கண்ணாடி அலமாரி, திரைச்சீலை, நெகிழிப் பூ ஆகிய அனைத்தும் முன்கூடத்தைச் சேர்ந்தவை, விருந்தினர் கண்ணில் படுபவை. ஆனால் ஒரு நாளில் நீங்கள் அதிக நேரம் நிற்கும் இடம் சமையலறையாகவும், உங்கள் கணவர் அதிக நேரம் உட்காரும் இடம் வாசலோரத்து நாற்காலியாகவும் இருக்கக்கூடும். அந்த இரண்டு இடங்களுக்கும் நீங்கள் எதுவும் வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை. ஆண்டுக்குச் சில முறை வருகிறவர்களுக்காக வீட்டை அலங்கரித்துவிட்டு, அன்றாடம் வாழ்கிறவர்களுக்கு மகிழ்ச்சி கிடைக்கவில்லையே என்று கேட்கிறோம். நம் தாமான்களில் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான்.

புதிய பொருளின் மகிழ்ச்சி தேய்ந்துபோவது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கவில்லை என்றும், அன்றாடச் சிறு செயல்களில் அவர்கள் அடைந்த இன்பம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது என்றும் கண்டார்கள். ஆய்வு சிறியதுதான் என்றாலும் உங்கள் அனுபவத்துக்கு அது பொருந்துகிறது. பெரிய பொருள் ஒன்று வரும்போது மனம் அதற்கு விரைவில் பழகிவிடுகிறது. கையால் தொட்டுப் பயன்படுத்தும் பொருளோ ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொடுப்பதால் அவ்வளவு எளிதில் மறைந்துபோவதில்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் நல்ல பீங்கான் கோப்பைகளை எடுத்து நாளைக் காலையிலிருந்து நீங்கள் இருவரும் அவற்றில் தேநீர் குடியுங்கள். ஒன்றிரண்டு உடையட்டும்.

அடுத்தது வெளிச்சம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிசை வீடுகளின் முதன்மையான குறையே அதுதான். மூலை வீடு அல்லாத தரைவீட்டுக்கு முன்புறமும் பின்புறமும் மட்டுமே ஜன்னல்கள் உண்டு; குடிவந்ததும் நாம் செய்யும் முதல் வேலை பின்புறத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்குவது. அத்தோடு பின்பக்கத்து வெளிச்சம் அடைபட்டு, நடுவீடு பகலிலும் விளக்கைக் கேட்கிறது. அங்கே நாம் மாட்டுவது பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) என்று பெட்டியில் அச்சிட்ட நீலம் கலந்த வெள்ளை விளக்கு. காய்கறி நறுக்கும் இடத்துக்கு அது நல்லது. இரவு உணவு உண்ணும் மேசைக்கு மேலே அதே விளக்கு எரிந்தால் வீடு மருந்தகம் போலாகிவிடும். அந்த ஓரிடத்தில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறித்த மஞ்சள் சாயல் விளக்கை மாட்டிப் பாருங்கள். சோபாவின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை. கூரையின் ஒரு பகுதியில் ஒளி புகும் தகடு பதிக்க முடியுமா என்பதையும் கொத்தனாரிடம் கேளுங்கள்.

ஜன்னலோரம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் மரங்கள் தெரியும் ஜன்னலருகே படுத்திருந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. உங்கள் வீட்டில் எந்த ஜன்னலிலிருந்து செம்பனையோ மலையோ தெரிகிறதோ, கணவரின் நாற்காலியை அங்கே போடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துத் தெரியச் செய்யலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நில நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கும் நம் ஊரில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் வெயில் வடபுறமாக விழும், மற்ற மாதங்களில் தென்புறமாக விழும். தொட்டிகளை அதற்கேற்ப ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

மகள் சொல்வதில் பாதி சரி. வெளிச்சம் குறைந்த நடுவீட்டுக்கு வெளிர்நிறம் நன்மை செய்யும். ஆனால் அந்த வெள்ளை, சாம்பல் பாணி புகழ்பெற்றது குளிர்காலத்தில் சில மணி நேரமே பகல் நீடிக்கும் வட ஐரோப்பிய நாடுகளின் வழியாக. கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் சிந்தாமல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு அது தேவை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் முன்வாசலில் தூய வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். அங்கே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, சுவருக்குச் சந்தன நிறமோ இளம்பச்சையோ கொடுக்கலாம்.

பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்க வேண்டாம், வேலைக்கு வையுங்கள். தகரப் பெட்டியைத் துருநீக்கிச் சாயம் பூசிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தால் சேலைகள் உள்ளே இருக்கும், மேலே உட்காரலாம். அம்மியில் வாரம் ஒருமுறையாவது துவையல் அரையுங்கள். அரைக்க முடியாதென்றால் அதை மகள் சொன்னபடியே விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. மாமியாரின் படம் நம் வழக்கப்படி கூரையை ஒட்டி மாட்டப்பட்டிருந்தால், கண்மட்டத்துக்கு இறக்குங்கள். பேரப்பிள்ளைகளுக்கு முகம் தெரியட்டும்.

சாப்பாட்டு மேசை வாங்கும் எண்ணம் இருந்தால் இரப்பர் மரத்தில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பக்கத்துக் கோலாகங்சாரில் 1877இல் நட்ட இரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. ஏறத்தாழ 25 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டி விறகாக எரித்த மரத்தை, 1980களிலிருந்து நம் நாட்டு மரத்தளவாடத் தொழில் பலகையாக்கிப் பயன்படுத்துகிறது. பூஞ்சணமும் வண்டும் எளிதில் பிடிக்கும் மரம் என்பதால், போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகைதானா என்று கடைக்காரரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலெடுக்க அந்த மரத்தைச் சீவிய கைகள் அதன்மேல் சோறுண்பதில் எனக்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். உணவு மேசைக்கு மேலிருக்கும் விளக்கை மட்டும் இப்போது மாற்றுங்கள். சுவருக்குச் சாயம் பூசுவதென்றால் சிறிய தகரம் ஒன்றை வாங்கி ஓரடிச் சதுரத்துக்குப் பூசிவிட்டு, காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு விளக்கின் கீழும் பார்த்தபின் மகளோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.