இரண்டு பேர் குடும்பம்: ஒரு மாதச் செலவுக்கான கேள்வி பதில்

கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் 24 வருடம் பில் போட்டவள் நான். யார் வீட்டில் எவ்வளவு துவரம்பருப்பு ஆகிறது என்பது கூப்பனைப் பார்த்தே தெரியும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். இப்போது திருச்சியில் நானும் வீட்டுக்காரரும்தான். அடுப்படி, கரண்ட், ரேஷன், வாடகை, நகைச்சீட்டு பற்றிக் கேளுங்கள். பங்குச் சந்தையும் வருமான வரியும் எனக்குத் தெரியாது.

தாம்பரம், கல்யாணமாகி ஐந்து மாதம்: இருவருக்கும் சேர்த்துக் கையில் 68,000 வருகிறது. வாடகை 15,000. பெரிதாக ஒன்றும் வாங்குவதில்லை. ஆனாலும் 25-ஆம் தேதிக்கு மேல் கணக்கில் எதுவும் இருப்பதில்லை. எங்கேதான் போகிறது?

நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையே. இரண்டு போன், இரண்டு யுபிஐ. அவர் வரும் வழியில் அரை லிட்டர் பால் வாங்குவார், நீங்களும் வாங்குவீர்கள். மறுநாள் ஒன்று திரிந்துபோகும். கூட்டுக் குடும்பத்தில் இப்படி நடந்தால் குடிக்க ஆள் இருக்கும். இரண்டு பேர் வீட்டில் மிஞ்சியது குப்பைக்குத்தான் போகும்.

ஒரு மாதம் எழுதுங்கள். செயலி எல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், கயிற்றில் கட்டிய பேனா. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் எழுதிவிட வேண்டும். பத்து ரூபாய் டீ உட்பட. திட்டுவதற்காக எழுதாதீர்கள். ஒருவரையொருவர் கணக்குக் கேட்க ஆரம்பித்தால் இரண்டாவது வாரமே இருவரும் பொய் எழுதுவீர்கள்.

இரண்டாவது, மளிகை. புதிதாகக் கல்யாணமானவர்கள் கவுன்டருக்கு வரும்போது கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். பார்த்தவுடன் சொல்லிவிடுவேன், அது அம்மா எழுதிக் கொடுத்தது. அரிசி 25 கிலோ மூட்டை, எண்ணெய் 5 லிட்டர், துவரம்பருப்பு 3 கிலோ, கடுகே கால் கிலோ. ஆறு பேர் வீட்டு அளவு அது. மூன்றாவது மாதம் அரிசியில் வண்டு, ரவையில் புழு. வீட்டில் இரண்டு வேளை சமைக்கும் இருவருக்கு மாதம் அரிசி 8 முதல் 10 கிலோ, துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டருக்குள், சர்க்கரை ஒன்றரை கிலோ போதும். மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் நூறு நூறு கிராமாக வாங்குங்கள். மூட்டையில் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைகிறது என்பார்கள். நாலு கிலோவைக் கொட்டிவிட்டு மூன்று ரூபாய் லாபம் பார்ப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அம்மா லிஸ்டைத் தூக்கிப் போடுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மதுரை, வீட்டிலிருந்து வேலை: போன முறை கரண்ட் பில் 490 யூனிட், இந்த முறை 515. வெறும் 25 யூனிட்டுக்கு இவ்வளவு ஏறுமா? மீட்டர் கோளாறா?

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட் பாதி விலையில் கிடைக்கும். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு விலையும் எட்டு ரூபாய்க்கு மேல். அதனால் 500-க்கும் 505-க்கும் இடையே 250 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ஐந்து யூனிட்டுக்கு!

எங்கள் வீட்டு நாள்காட்டியில் கணக்கு எடுத்த தேதியில் மீட்டர் எண்ணைக் குறித்துவைப்பேன். சரியாக முப்பதாவது நாள் மறுபடி பார்ப்பேன். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். கணக்கெடுப்பவர் வந்து சொல்லும்போது தெரிந்துகொண்டு என்ன செய்வது?

எதைக் குறைப்பது? லைட்டை அணைத்து அணைத்துச் சண்டை போடாதீர்கள், எல்இடி பல்பில் ஒன்றும் இல்லை. ஒன்றரை டன் ஏசி வெயில் காலத்தில் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல்கூட இழுக்கும். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒருவர் குளித்து ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவர் குளித்தால் அது இரண்டு முறை சூடாகும். அடுத்தடுத்துக் குளியுங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளில் 15 மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். உங்கள் 515 அதிலேயே 475 ஆகிவிடும். நன்றாக ஓடுவதைக் கழற்ற வேண்டாம் என்பதுதான் என் வழக்கம், ஆனால் 500-ஐ ஒட்டி நிற்பவர்களுக்கு மாற்றினாலும் நஷ்டமில்லை.

வேளச்சேரி, வாடகை வீடு: வீட்டுக்காரர் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாயாம். பேரம் பேசலாமா?

பேசலாம். தமிழ்நாட்டில் வாடகைக்கு 2017-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்னால்தான் உங்கள் வாய்க்கு மதிப்பு. யூனிட் பத்து ரூபாய் என்றால் இலவச நூறு யூனிட் வீட்டுக்காரருக்குப் போகிறது என்று அர்த்தம். தனி இணைப்பு உள்ள வீடு கிடைத்தால் வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் அதை எடுங்கள்.

கரூர்: ரேஷன் கார்டு இல்லை. இருவர் பெயரும் அவரவர் பெற்றோர் கார்டிலேயே இருக்கிறது. வாங்குவது வீண் வேலையா? அந்த அரிசியை யார் சாப்பிடுகிறார்கள்?

துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் இதன் விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி இலவசம். முதலில் இரண்டு பழைய கார்டுகளிலிருந்தும் பெயரை நீக்க வேண்டும். அப்புறம் புதுக் கார்டுக்கு இணையத்தில் விண்ணப்பம். தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள், அடுப்பும் சிலிண்டரும் இருக்கட்டும். பிறகு அரிசியைப் பற்றி: சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கு ஊறப்போடுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி பூப்போல வரும். பிடிக்காதவர்கள்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை. கிலோ ஐந்து ரூபாய்க்கு விற்றுவிட்டு 50 ரூபாய்க்கு இட்லி அரிசி வாங்காதீர்கள்.

பெங்களூரு, ஐடி: மாவு அரைப்பதெல்லாம் இந்தக் காலத்தில் தேவையா? கிலோ 50 ரூபாய்க்குப் பாக்கெட் கிடைக்கிறது. என் மனைவியின் ஒரு மணி நேரம் 300 ரூபாய் பெறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த 300 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்?

கணக்கைச் சொல்கிறேன். அரை கிலோ அரிசி, 125 கிராம் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஒன்றரை கிலோ மாவு கிடைக்கும், இருவருக்கு மூன்று வேளை. ரேஷன் அரிசி என்றால் மொத்தச் செலவு 20 ரூபாயைத் தாண்டாது. கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கடையில் அதே மாவு 75 ரூபாய். ஒரு முறைக்கு 55 ரூபாய் மிச்சம், வாரம் ஒரு தடவை என்றால் மாதம் 220. கல்யாணச் சீராக வந்த கிரைண்டர் பரணில் கிடந்தால் இறக்குங்கள். புதிதாக 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் அசல் வரவே ஒன்றரை வருடமாகும்.

கோவை மருமகள்: பாக்கெட் மாவா! எங்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பாக்கெட் மாவில் சோடா போடுகிறார்கள், அடுத்த நாளே புளிப்பு.

எல்லாக் கடையிலும் சோடா போடுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தெருமுனையில் அன்றன்று அரைத்து விற்கும் அம்மாக்களின் மாவு நன்றாகவே இருக்கும்.

பெங்களூரு, ஐடி, மறுபடியும்: 220 ரூபாய்க்காக ஞாயிற்றுக்கிழமையை இழக்க முடியாது. கிரைண்டர் கழுவுவதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

இதுதான் நல்ல கேள்வி. அரைப்பது வேலையே இல்லை, கிரைண்டர் அதுபாட்டுக்குச் சுற்றும். கல்லைத் தூக்கி, இடுக்கில் ஒட்டியதை வழித்து, கழுவிக் கவிழ்ப்பதுதான் வேலை. அதை யார் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

ஈரோட்டு மாமியார்: ஆம்பிளைகள் கிரைண்டர் கழுவுவதா? நாங்கள் எல்லாம் ஆட்டுக்கல்லில் ஆட்டினோம்.

அம்மா, ஆட்டுக்கல்லில் நானும் ஆட்டியிருக்கிறேன். தோள்பட்டை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. அதை மருமகள்களுக்கும் சீராகக் கொடுக்க வேண்டுமா?

சேலம்: என் கணவர்தான் அரைக்கிறார், கழுவுகிறார். ஆனால் உளுந்தை அளவில்லாமல் போடுகிறார். மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க ஓடுகிறது.

வழியட்டும். ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

மாவுச் சண்டைக்கு இன்னும் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். அதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கும்பகோணம்: சிலிண்டர் எத்தனை நாள் வர வேண்டும்? எங்களுக்கு 35 நாள்தான் வருகிறது.

14.2 கிலோ சிலிண்டர் இருவருக்கு 50, 60 நாள் வர வேண்டும். டெலிவரியின்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கேட்பது உங்கள் உரிமை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2-ஐக் கூட்டிப் பாருங்கள். எடை சரியாக இருந்தால் அடுப்பைப் பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கருத்தால் பர்னர் அடைத்திருக்கிறது. பருப்பையும் சாதத்தையும் ஒரே குக்கரில் அடுக்கி வையுங்கள், பருப்பை அரை மணி ஊறவைத்த பிறகு. அப்புறம், நம்மூரில் குளிக்க வெந்நீரைக் கேஸில் வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. முக்கால்வாசி அங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

திண்டுக்கல்: கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை அல்ல. மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நகையை அடகு வைத்தாவது அதை முழுசாக அடையுங்கள், அந்த வட்டி இதைவிடக் குறைவு. கார்டை அரிசி டப்பாவுக்குள் போடுங்கள்.

தஞ்சாவூர்: நகைக்கடைச் சீட்டில் 11 மாதம் கட்டுகிறோம். லாபம்தானே?

நகை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. சேமிப்பு என்று நினைத்தால் இல்லை. முடிவில் காசாகக் கிடைக்காது, நகையாகத்தான். நகைக்கு மூன்று சதவீத ஜிஎஸ்டி வேறு. சேதாரம் தள்ளுபடி எந்த நகைக்கு, எத்தனை சதவீதம் வரை என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்போது எச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம், இருக்கிறதா பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. சேமிப்புக்குத் தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் ஐந்து வருட ஆர்டி போதும்.

சென்னை: எந்த மியூச்சுவல் ஃபண்ட் போடலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

திருநெல்வேலி: 510 யூனிட் வந்துவிட்டது, ஏன் பில் இவ்வளவு?

மதுரைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

விழுப்புரம்: இரண்டு பேருக்கு அரிசி மூட்டையாக வாங்குவது லாபமா?

இது நாலாவது ஆள். அம்மா லிஸ்ட்! அம்மா லிஸ்ட்!

புதுக்கோட்டை: எங்களுக்குப் பெரிய செலவு மொய்தான். வைகாசியில் மட்டும் ஒன்பது பத்திரிகை. மாதச் செலவில் எப்படிச் சேர்ப்பது?

உங்கள் ஊரில் மொய் என்பது சாதாரண விஷயம் இல்லை, தெரியும். மொய்யைச் செலவில் எழுதாதீர்கள், கடனில் எழுதுங்கள். உங்கள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து யார் எவ்வளவு செய்தார்கள் என்று பாருங்கள். அதில் பெயர் இருப்பவருக்குத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், கொஞ்சம் கூட்டி. பெயர் இல்லாதவருக்கு நீங்கள் புதிதாகக் கடன் கொடுக்கிறீர்கள், அது எப்போது திரும்பும் என்று யோசித்து எழுதுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் மொய்க்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் ஆவணியிலும் தையிலும் கை கடிக்காது. கணவனும் மனைவியும் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கவர் போடும் வீடுகளும் உண்டு, ஆபீஸ் பக்கம் ஒன்று, சொந்தம் பக்கம் ஒன்று. ஒரு கவரில் இரண்டு பெயர் எழுதலாம்.

ஆவடி: பெட்ரோலுக்கே மாதம் நாலாயிரம். ஆளுக்கொரு வண்டி.

உங்கள் மனைவி போகும் வழியில் சாதாரணக் கட்டண டவுன் பஸ் ஓடுகிறதா? 2021-லிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. ஒரு வண்டியை வாரம் மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள்.

கோவை மருமகள்: கடைசியாக ஒன்று. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் மாவு அரைக்கிறீர்களா, வாங்குகிறீர்களா?

சித்திரை, வைகாசியில் வாங்குகிறேன். திருச்சி வெயிலில் ஒன்றரை கிலோ மாவு மூன்றாம் வேளைக்குள் புளித்துவிடுகிறது. எங்கள் இருவருக்கு அரை கிலோ பாக்கெட் போதும். ஐப்பசியிலிருந்து அரைக்கிறேன். கல்லை அவர் கழுவுகிறார், சரியாகக் கழுவுவதில்லை.