செயலி வேக டிரைவர்: கோட் பார்த்தபின் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் லினக்ஸுக்காக சி-யில் எழுதிய சிபியுஃப்ரீக் டிரைவர்களை, அதாவது செயலியின் வேகத்தை மாற்றும் கோட்களை, படித்துவிட்டேன். கேள்விகளுக்கு வருகிறேன்.

லாஸ்பேட்டை: சார், வேகத்தைக் கூட்டினால் போர்டு ஹேங் ஆகிறது. குறைத்தால் ஒன்றும் ஆவதில்லை.

வேகத்தை மாற்றும் உங்கள் டார்கெட் இண்டெக்ஸ் ஃபங்ஷனில் இரண்டு திசைக்கும் ஒரே வரிசைதான்: முதலில் கிளாக், பிறகு வோல்டேஜ். குறைக்கும்போது அது சரி. கூட்டும்போது வோல்டேஜ் முந்திக்கொள்ள வேண்டும். குறைந்த வோல்டேஜில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகத்தான் மாறும். கிளாக்கை மட்டும் விரட்டினால் சிக்னல் அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேராது, கணக்கு தப்பும், ஹேங். பழைய வேகத்தையும் புதியதையும் ஒப்பிட்டு ஒரு இஃப் போடுங்கள். அப்புறம், வோல்டேஜை ஏற்றியபின் கிளாக் மாற மறுத்தால்? கோடூ (goto, வேறு வரிக்குத் தாவும் கட்டளை) போட்டு ஃபங்ஷனின் கடைசிக்குத் தாவி, அங்கே வோல்டேஜை இறக்கிவிட்டுப் பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். நீங்களோ எதையும் பார்க்காமல் ரிட்டர்ன் 0 என்று முடித்திருக்கிறீர்கள். மாறாத வேகத்தை மாறியதாகக் கெர்னல் நம்பிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: வேக அட்டவணையில் 1200000. கிளாக்கோ 1.2 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறது!

சிபியுஃப்ரீக் பேசுவது கிலோஹெர்ட்ஸ், கிளாக் ஏபிஐ பேசுவது ஹெர்ட்ஸ். 1000-ஆல் பெருக்குங்கள், ஆனால் அன்சைன்ட் லாங்கில். வெறும் இன்ட் என்றால் 2.14 கிகாஹெர்ட்ஸ் தாண்டியதும் வழிந்துவிடும்.

பண்ருட்டி: ஃபாஸ்ட் ஸ்விட்சுக்குள் மியூடெக்ஸ் வைத்தேன். கெர்னல் திட்டுகிறது.

திட்டத்தான் செய்யும். ஃபாஸ்ட் ஸ்விட்ச் என்பது வேகத்தை உடனே மாற்றும் குறுக்குவழி. வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்கெட்யூட்டில் (schedutil) அதை ஷெட்யூலருக்குள்ளிருந்து, ரன்கியூ (ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) பூட்டைப் பிடித்தபடி கூப்பிடுகிறது. அங்கே தூங்கக் கூடாது; மியூடெக்ஸோ கிடைக்கும்வரை தூங்கவைக்கும் பூட்டு. வோல்டேஜ் தரும் ரெகுலேட்டர் ஐ2சி என்ற மெதுவான இணைப்பில் இருந்தால், அதனோடு பேசவும் தூங்க வேண்டிவரும்; ஃபாஸ்ட் ஸ்விட்சையே மறந்துவிடுங்கள்.

வில்லியனூர்: பிழை வந்தால் கோடூ போடச் சொல்கிறீர்கள். கோடூ பாவம் என்றல்லவா கல்லூரியில் படித்தோம்?

மேலே தாவி லூப் போடும் கோடூ வேறு. கீழே, ஃபங்ஷன் வாங்கிய கிளாக், நினைவகம் போன்றவற்றைத் தலைகீழ் வரிசையில் விடுவிக்கும் இடத்துக்குத் தாவுவது வேறு. கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே இதை ஏற்கிறது.

கடலூர் முதுநகர்: குறுக்கிடுகிறேன் அண்ணே. டெவ்எம் ஃபங்ஷன்கள் தானே விடுவித்துவிடுமே, கோடூ எதற்கு?

டிரைவர் சாதனத்தோடு சேரும்போது ஓடும் புரோப் ஃபங்ஷனில் ஒப்புக்கொள்கிறேன். சிபியுவின் வேக அமைப்பைத் தொடங்கும் பாலிசி இனிட்டில் மாட்டேன். சிபியுவை ஆஃப்லைன் செய்து ஆன்லைன் செய்தால் அது மறுபடி ஓடலாம். டெவ்எம் விடுவிப்பதோ டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போது. இடையில் வாங்கியதெல்லாம் குவியும். ஏற்றிய வோல்டேஜை எந்த டெவ்எம் இறக்கும் தம்பி?

வில்லியனூர்: இஃபுக்குள் இஃப் எழுதினால் கோடூவே வேண்டாமே?

எழுதலாம். நான்காவது இஃபில் உங்கள் வரி திரையின் வலது ஓரத்துக்குப் போயிருக்கும், எதை விடுவிக்க மறந்தோம் என்று யாருக்கும் தெரியாது. இதோடு கோடூவை விடுவோம்.

முத்தியால்பேட்டை: வேகம் ஆயிரம் மடங்கு குறைவாக வருகிறது...

நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆரோவில்: என் லேப்டாப் சூடாகிறது.

தூசி தட்டுங்கள். இங்கே டிரைவர் மட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: கிளாக்கை உருவாக்கும் பிஎல்எல் சுற்று லாக் ஆகும்வரை, அதாவது நிலைப்படும்வரை, வொயில் (while) லூப்பில் காத்திருக்கிறேன். சரியா?

லாக் ஆகவே இல்லையென்றால் செயலி அங்கேயே சுற்றும். காலவரம்புள்ள readl_poll_timeout மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். நேரம் தீர்ந்தால் அது பிழை எண் தரும். ஆமாம், அதையும் பாருங்கள்.