மூளைக் கட்டி ஆபரேஷனில் ஏன் குளுக்கோஸ் ஏற்றுவதில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. மூளையின் மேலுறையில் கட்டி, மெனிஞ்சியோமா என்கிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன், ஆறேழு மணி நேரம் ஆகுமாம். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடப்பவருக்கு, குளுக்கோஸ் இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீர் மட்டும் ஏற்றினால் தாங்குவாரா? நார்மல் சலைன் (0.9% உப்புக் கரைசல்) நல்லதா, ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற, லாக்டேட்டும் சில உப்புகளும் கலந்த கரைசல்) நல்லதா?

பதில்: கட்டாயம் தாங்குவார். அவருக்குக் குளுக்கோஸ் வேண்டாம் என்று சொல்வதே அவர் மூளையைக் காப்பாற்றத்தான்.

நம் ஊரில் எந்தப் பாட்டிலை மாட்டினாலும் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்போம். பெரும்பாலும் அதில் இருப்பது உப்புக் கரைசல்தான். உண்மையான குளுக்கோஸ் பாட்டிலில், அதாவது 5% டெக்ஸ்ட்ரோஸில், லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை இருக்கும். பாட்டிலில் இருக்கும்வரை அதன் அடர்த்தி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் அளவு, ரத்தத்தின் அடர்த்திக்குக் கிட்டத்தட்டச் சமம். உடம்புக்குள் போனதும் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மற்ற இடங்களைப் போல இல்லை. செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிப் பிணைந்திருப்பதால் சோடியம் அதைச் சுலபமாகத் தாண்டாது, தண்ணீர் தாண்டிவிடும். ரத்தம் நீர்த்துப்போனால் அந்தத் தண்ணீர் மூளைக்குள் இறங்கும். 1919-லேயே அமெரிக்காவில் வீட், மெக்கிபன் என்ற இருவர் பூனைகளில் இதைக் காட்டினார்கள்: நரம்பில் வெறும் தண்ணீரைச் செலுத்தியபோது மூளை வீங்கியது, அடர் உப்புக் கரைசலைச் செலுத்தியபோது சுருங்கியது. கட்டியைச் சுற்றி ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூளைக்கு இன்னும் கொஞ்சம் வீக்கம்கூட ஆகாது.

இன்னொரு காரணம் சர்க்கரை அளவு. ரத்த ஓட்டம் குறைந்த மூளைப் பகுதியில் சர்க்கரை அதிகமாக இருந்தால், அது லாக்டிக் அமிலமாக மாறிச் செல்களைக் கெடுக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் ஆபரேஷன் உடம்புக்குத் தரும் அழுத்தமும் பட்டினியிலும் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் மணிக்கொரு முறை பார்த்து, பொதுவாக 180 mg/dL-ஐத் தாண்டவிடாமல் இன்சுலின் கொடுப்போம். 70-க்குக் கீழே இறங்கினால் மட்டும் குளுக்கோஸ் தருவோம். அப்போது அது மருந்து.

சரி, சலைனா ஆர்.எல்.லா? ரத்தத்தின் அடர்த்தி (மில்லி ஆஸ்மோல் கணக்கில்) 285 முதல் 295 வரை. நார்மல் சலைன் 308, ஆர்.எல். 273. சோடியம் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) சலைனில் 154, ஆர்.எல்.லில் 130. மற்ற ஆபரேஷன்களில் ஆர்.எல். அருமையான திரவம். ஆனால் அது ரத்தத்தைவிட நீர்த்தது என்பதால், மூளை வீங்கியிருக்கும்போது அதை மட்டுமே லிட்டர் லிட்டராக ஏற்ற எனக்கு மனம் வராது. சலைனிலும் குறை உண்டு. ரத்தத்தில் குளோரைடு 100 சுமார், சலைனில் 154. மூன்று நான்கு லிட்டர் போனால் ரத்தம் அமிலத்தன்மை அடையும். பிளாஸ்மாலைட் என்று இன்னொரு உப்புக் கரைசல் உண்டு. அதன் அடர்த்தி 294, சோடியம் 140, ரத்தத்துக்கு மிக நெருக்கம். விலை கூடுதல். கிடைத்தால் அதுதான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் சலைனை முதன்மையாக வைத்து, நீண்ட ஆபரேஷனில் நடுவே ஆர்.எல். சேர்ப்பேன். உங்கள் டாக்டர் சலைன் மட்டும் போட்டாலும் கவலைப்படாதீர்கள்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு காலத்தில் நோயாளியை வறட்சியாக வைத்தால் மூளை சுருங்கும் என்று நம்பினார்கள். அதில் ரத்த அழுத்தம் விழுந்து மூளைக்கு ரத்தம் போவது குறைந்ததுதான் மிச்சம். இப்போது இழந்ததை இழந்த அளவுக்கு ஈடுகட்டுகிறோம். மூளையைத் தளர்த்த, அதிலிருந்து நீரை இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும் 20% மானிட்டால் என்ற மருந்தைக் கொடுப்பார்கள், 60 கிலோ எடைக்கு 150 மில்லி போல. அதன்பின் சிறுநீர்ப் பை மளமளவென்று நிறையும், பார்த்துப் பயப்பட வேண்டாம். மெனிஞ்சியோமாவில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் பொருத்தம் பார்த்த ரத்தமும் தயாராக இருக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மயக்க மருத்துவரிடம் அப்பாவின் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும், ஆக்ஸ்கார்பசெப்பின் போன்ற வலிப்பு மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கும். இதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் திரவக் கணக்கே மாறும். கடைசி ரத்தப் பரிசோதனையில் சோடியம் எவ்வளவு என்று கேளுங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபின், "சோர்வா இருக்காரே, ஒரு குளுக்கோஸ் போடுங்களேன்" என்று நர்ஸிடம் வற்புறுத்தாதீர்கள். முதல் சில நாட்கள் சோடியமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தூக்கம் அளவுக்கு மீறினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் திடீரென்று கூடினாலோ உடனே சொல்லுங்கள். விழுங்கத் தடையில்லை என்று உறுதியானதும் வாய்வழியாகத் தண்ணீர், கஞ்சி என்று ஆரம்பித்து, டிரிப்ஸை நிறுத்திவிடுவார்கள்.