மானியத்தின் பலனை அளப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஆராய்ச்சி மானியம் வாங்கிய சிறு நிறுவனங்கள் வளர்ந்திருந்தால், திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு பணம் தரும், 1982-ல் தொடங்கிய எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தில் தேர்வாவதே திறமையான நிறுவனங்கள்தான். பணம் இல்லாமலும் அவற்றில் பல வளர்ந்திருக்கும். எனவே தரவரிசையில் மயிரிழையில் தேர்வானவர்களை, ஏறக்குறைய அதே திறமையோடு மயிரிழையில் தவறியவர்களோடு ஒப்பிட வேண்டும். எரிசக்தித் துறை மானியங்களைப் பொருளாதார ஆய்வாளர் சப்ரினா ஹோவெல் அப்படித்தான் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார். சுமார் 1,50,000 டாலர் முதல் கட்ட மானியம், பின்னர் துணிகர முதலீடு (புது நிறுவனங்களில் ஆபத்தை ஏற்றுத் தனியார் போடும் பணம்) கிடைக்கும் வாய்ப்பை 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக்கியது. மாதிரிக் கருவியைச் செய்து பார்க்கப் பணம் கிடைத்ததே காரணம் என்கிறார். சுமார் 10 லட்சம் டாலர் தந்த இரண்டாம் கட்டத்திலோ, முதலீட்டு வாய்ப்பு கூடவில்லை. நிராகரித்த விண்ணப்பங்களின் மதிப்பெண்களைத் தூக்கிப்போட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. எந்த அரசும் அவற்றைப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும்.