பயாலஜிக் ஊசிக்கு முன்னால் டிபி பரிசோதனை எதற்கு?

"சரவாங்கிக்கு பயாலஜிக் ஊசி எழுதியிருக்கிறார்கள். இருமலே இல்லாத எனக்கு டிபி டெஸ்ட் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் சரவாங்கிதான். மெத்தோட்ரெக்சேட், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எதற்கும் மூட்டு வலி அடங்காமல் அடாலிமுமாப் என்ற பயாலஜிக் ஊசிக்குப் போனோம். உடம்பின் எதிர்ப்பு சக்தியில் ஒரு பகுதியை மட்டும் முடக்கும் மருந்து அது. முன்னதாக மாண்டூ டெஸ்ட் எடுத்தார்கள், அதாவது தோலில் ஊசி போட்டு, தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் டிபி சோதனை. முன்கையில் தடிப்பே இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமி உள்ளே இருந்தாலும் தடிப்பு வராமல் போகலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலாவது மாதம் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ஜாக்கெட் தொளதொளத்துப் போனது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. இருமல் ஒருநாளும் இல்லை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தே ஒரு மாதத்தை வீணாக்கினோம். கடைசியில் வயிற்று நீரை எடுத்துச் சோதித்ததில் டிபி.

பலருடைய உடம்பில் இந்தக் கிருமி வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கும். அந்த வளையம் குலையாமல் இருக்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். மூட்டுகளை வீங்கவைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் ஊசி அதைத்தான் முடக்குகிறது. இதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்கு டிபி வந்ததை 2001லேயே மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் பாதிக்கு மேல் நுரையீரலுக்கு வெளியேதான்.

ஊசியை நிறுத்திவிட்டு டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் அம்மா பயந்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் வேலை, ஆபத்தில்லை. ஆனால் அதே மருந்து பிரெட்னிசலோனை ஈரலில் சீக்கிரம் கரைத்துவிடுமாம். காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் வலி திரும்பி, ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அதனால் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். பாசிட்டிவ் வந்தாலும் ஊசி கிடையாது என்று அர்த்தமில்லை. நோய் கிளம்பவில்லை என்று பார்த்துவிட்டு, தடுப்பு மாத்திரையை ஒரு மாதமாவது கொடுத்தபின் பொதுவாக ஊசி போடுவார்கள்.

அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது டிபி இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். தாத்தாவுக்கு இருந்தது. டாக்டர் கேட்டபோது, பக்கத்தில் மருமகள் நிற்கிறாளே என்று அம்மா "இல்லை" என்று சொல்லிவிட்டார்.