வாந்தி மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருவது ஏன்?

ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை போட்ட பிறகு வயிறு சரியாகப் போகவில்லை என்கிறீர்கள். அதற்குக் காரணம் செரோடோனின், அதாவது நரம்புகளுக்குச் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். பலரும் அதை மூளையோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறார்கள், ஆனால் உடலில் இருக்கும் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மலம் வந்து குடல் சுவரை அழுத்தியதும் உள்சுவரின் சில செல்கள் செரோடோனினை வெளியே விடும். அது பக்கத்து நரம்பு முனைகளைத் தூண்ட, தசை அடுக்குகளுக்கு நடுவே வலையாகப் பின்னிக் கிடக்கும் நரம்புகள் மேல்பக்கத் தசையை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தால் சுருக்கி, கீழ்ப்பக்கத்தை நைட்ரிக் ஆக்சைடு என்ற இன்னொன்றால் தளர்த்தி, மலத்தை ஆசனவாய்ப் பக்கம் தள்ளுகின்றன. இதற்கு மூளையின் கட்டளை தேவையே இல்லை! பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் 1899லேயே, வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிய பிறகும் நாயின் சிறுகுடல் இப்படி இயங்குவதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். செரோடோனின் போய்ச் சேரும் 5-எச்டி3 ஏற்பி என்ற இடத்தை ஒண்டான்செட்ரான் அடைத்துவிடுகிறது, அதனால் வாந்தி நிற்கும்போதே பெருங்குடலும் மெதுவாகிவிடும். ப்ரூகலோபிரைடு என்ற மருந்து இதற்கு நேர் எதிர், செரோடோனின் சேரும் இன்னொரு இடமான 5-எச்டி4 ஏற்பியைத் தூண்டும். நாள்பட்ட மலச்சிக்கலுக்கே அதைத் தருகிறார்கள். நரம்புகள் எவ்வளவு முக்கியம் என்பது ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயில் தெரியும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த இடம் தளராது, மலம் மேலே தேங்கி வயிறு உப்பும், அறுவை சிகிச்சைதான் வழி.

உங்களுக்கு மாத்திரையை நிறுத்தியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். வயிறு வீங்கி, வாயுவும் பிரியாமல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.